நீ மட்டும் பார்த்த கறை

என் உயிருக்குயிரான அக்காவுக்கு,

இதைக் கடிதமாக எழுத வேண்டி வந்ததே கொடுமை. நீ இருந்திருந்தால் மாடியில் துணி காயப்போடும்போதே பேசி முடித்திருப்போம். "சுருக்கமாச் சொல்லு அம்மிணி, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்று அவசரப்படுத்தியிருப்பாய். சுருக்கமாகச் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இப்போது உனக்கும் அவசரம் கிடையாது. ஆகவே நீட்டி முழக்கித்தான் சொல்லப்போகிறேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு தெரிந்த காலையில் என் வீட்டுக்காரரைக்கூட நான் எழுப்பவில்லை. போனை எடுத்து உன் நம்பரைத் தேடினேன். அதை இன்னும் அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன். விரல் அதன்மேல் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, பயத்தில் அழுதேனா, உனக்காக அழுதேனா? இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பயம் இருக்காதா அக்கா? நீ எட்டாம் மாசத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போனவள். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். உனக்கு வந்தது எனக்கும் வந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு, அந்த இரண்டு கோடுகளோடு சேர்ந்தேதான் வந்தது.

இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் கொஞ்சம் சொல்வேன், பொறுத்துக்கொள்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிற பனியன் கம்பெனியில் நீ செக்கிங் டேபிளில் இருந்தாய். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று தேடி, கண்ணில் பட்ட குறைமேல் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது உன் வேலை. உன் கண்ணுக்குத் தப்பி ஒரு குறை கப்பல் ஏறியதில்லை என்பார்கள். அந்தப் பெருமை உனக்கும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்கிறார், நீ என் காதில், "சட்டக் காலர்ல தையல் கோணப் போயிருக்குது பாரு" என்கிறாய். எல்லோரும் அட்சதை போட, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த மாதிரி சிரிக்க வைக்க இப்போது எனக்கு யாருமில்லை.

உனக்கு ஐந்தாம் மாசம் நடந்தபோது அடிக்கடி தலை சுற்றியது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. பரிசோதனையில் பிரஷர் கம்மியாக இருக்கிறது என்று சொன்னார்கள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "என்ற புள்ளைக்கு லோ பிரசருங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். மோரில் உப்பு, இளநீரில் உப்பு, தட்டில் எப்போதும் நார்த்தங்காய் ஊறுகாய். நீயும் அதையே சொல்ல ஆரம்பித்தாய். "எம்பட ஒடம்பு லோ பிரசர் ஒடம்பு" என்று, ஏதோ சிவப்பு நிறம், சுருட்டை முடி என்பது போல.

ஏழாம் மாசம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்தோம். வளையல் போடுகிறபோது உன் கைக்கு ஏறவில்லை. நீயே அளவு பார்த்து வாங்கிய வளையல்தான். கையில் சோப்பு தடவித்தான் ஏற்றினார்கள். "புள்ளை பூரிச்சுப் போயிருக்கறா, மொகத்துல என்ன களை பாருங்க" என்று பெரியவர்கள் திருஷ்டி கழித்தார்கள். உண்மையில் நீ அன்று அழகாகத்தான் இருந்தாய். உன் முகம் வீங்கியிருந்தது என்று யாருக்காவது தோன்றுமா? கால் வீங்கியதற்கும் பதில் தயாராக இருந்தது. கம்பெனியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் சாயந்திரம் கால் வீங்காது?

அப்புறம் அந்த வாரம். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன், பால் மாதிரி வெள்ளை. நான் அப்போது பேக்கிங்கில் இருந்தேன். எங்கள் பக்கத்துக்குப் பீஸ் வரவே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால் உன் டேபிளில் டேமேஜ் என்று நீ தள்ளிய பீஸ் குவிந்து கிடந்தது. சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன் வந்து சத்தம் போட்டார்.

"என்ன சுமதி இது? பாதி லாட்டையும் தள்ளிப் போட்டா, பையர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணுக்குத் தெரியறதத்தானுங்ணா ஒட்டறேன். புள்ளி புள்ளியா கறை இருக்குது. வேணும்னா நீங்களே பாருங்க."

அவர் பார்க்கவில்லை. உன் கண்ணை நம்பித்தான் அந்தக் கம்பெனியே நடந்தது. கோபத்தோடு தையல் லைனுக்குப் போய், எந்த மெஷினில் எண்ணெய் தெறிக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார். நீ தலையைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்தாய். ஏழாம் மாசத்திலிருந்து நீ தங்கியிருந்த நம் வீட்டுக்கு வந்து, "நெத்தி வெடிச்சுப் போறாப்புல இருக்குது அம்மிணி, கொஞ்சம் தைலம் குடு" என்றாய். நான் தைலத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் உனக்கு வலிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் உன்னையும் உன் மகளையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று, நீ தள்ளிய லாட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து விரித்து விரித்துப் பார்த்தார்கள். எதிலும் கறை இல்லை அக்கா. எல்லாம் சுத்தமான பீஸ். உன் ஸ்டிக்கர் மட்டும் வெறும் வெள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தது. பழனிச்சாமி அண்ணன் ஒரு பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் கேட்டதும் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். ஸ்டிக்கரோடு அது இத்தனை வருஷமும் என் பீரோவில்தான் இருந்தது. உன் கண் அப்படி ஏன் பொய் சொன்னது என்று எனக்குப் புரியவே இல்லை. உன்னைப் பற்றிய எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் உறுத்தியது. நீ தப்பாகப் பார்க்கிறவள் இல்லையே!

எனக்குப் பதில் கிடைக்க நான் மாசமாக வேண்டியிருந்தது. முதல் பரிசோதனைக்கு அம்மாவும் கூட வந்தாள். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் அவசரப்படாத ஆள். குடும்பத்தில் யாருக்காவது பிரசவத்தில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டார். நான் உன் கதையைச் சொன்னேன். ஸ்டிக்கர் கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க அக்கா பொய்யாப் பார்க்கலம்மா. அவங்க கண்ணுக்கு அந்தப் புள்ளி நிஜமாவே தெரிஞ்சிருக்கும். அது துணியில இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த வரையில் உனக்குச் சொல்கிறேன். பிள்ளை தங்கினதும் உடம்பில் சில ஹார்மோன்கள் ஏறுகின்றன. புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், ரிலாக்ஸின் என்று அவற்றுக்குப் பெயர். அவை ரத்தக் குழாய்களை இளகச் சொல்கின்றன. பிள்ளைக்கும் சேர்த்து ரத்தம் ஊறி நிறைய ஓட வேண்டுமில்லையா, குழாய் விறைத்துக்கொண்டு நின்றால் எப்படி ஓடும்? அதனால் குழாயின் சுவர் தளர்ந்து அகலமாகி வழி விடுகிறது. நான் உடனே பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற ரிப் பட்டையை நினைத்துக்கொண்டேன். பிள்ளையின் தலை நுழைவதற்காக அது விரிந்துகொடுக்கிறதே, அந்த மாதிரி. குழாய் இப்படி இளகுவதால்தான் நடு மாசங்களில் பிரஷர் இறங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது.

"அப்ப அவளுக்கு லோ பிரசர் ஒடம்பு இல்லீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லீங்கம்மா. அந்த மாசத்துல நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அது அவங்க உடம்போட குணம் இல்ல, ஹார்மோன் செய்யற வேலை. அதை வெச்சு இவங்களுக்குப் பிரஷர் ஏறவே ஏறாதுன்னு நினைச்சுடக்கூடாது."

சிலருக்கு அந்த இளக்கம் நிலைப்பதில்லையாம். ஆரம்பத்திலேயே, நஞ்சுக்கொடி பதிகிற இடத்தில் கர்ப்பப்பையின் சின்னச் சின்னக் குழாய்கள் சரியாக அகலமாகாமல் போய்விடுகின்றன. பிள்ளை வளர வளர நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போகிறது. அது தவித்துப்போய் எதை எதையோ தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இளகு என்று ஹார்மோன் சொல்வது அப்புறம் குழாயின் காதில் விழுவதில்லை. உடம்பு முழுக்கக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் எகிறுகிறது, குழாயிலிருந்து நீர் கசிந்து கை, முகம் எல்லாம் வீங்குகிறது. மூளையிலும் கண்ணிலும் இருக்கிற மெல்லிய குழாய்கள் இறுகும்போது தலை வெடிக்கிறது, கண் முன்னால் புள்ளி பறக்கிறது. வலிப்புக்கு முன்னால் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை அது.

உனக்கும் எச்சரிக்கை வந்திருக்கிறது அக்கா. வெள்ளைத் துணியை விரித்துக் கறை தேடுவதே வேலையாக இருந்தவளுக்கு அது வந்தது. வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்னவோ பறக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். நீ ஸ்டிக்கர் ஒட்டினாய். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா எழுந்திருக்கவே இல்லை. "நாந்தானுங்க சாமி, உப்பப் போட்டுப் போட்டுக் குடுத்தேன். அதுதான் ஏறிருச்சுங்களா?" என்றாள்.

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க குடுத்த உப்பால வந்ததில்லீங்கம்மா. உப்பே போடாம சமைச்சுக் குடுத்திருந்தாலும் வந்திருக்கும்."

நீ போன பிறகு நம் வீட்டுச் சமையலில் உப்பு இருந்ததில்லை, தெரியுமா உனக்கு? அம்மா கை உப்பு ஜாடிக்குப் போய்ப் பாதியில் திரும்பிவிடும். நாங்களும் ஒரு வார்த்தை கேட்காமல் தின்று பழகிவிட்டோம். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் ரசம் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே நான் அழுதேன், அவளும் அழுதாள். அப்புறம் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அக்காவுக்கு வந்திருப்பதால் எனக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று, ஆரம்பத்திலிருந்தே தினமும் சின்னதாக ஒரு ஆஸ்பிரின் மாத்திரை போட வைத்தார்கள். அடிக்கடி பிரஷர் பார்த்தார்கள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஏன் வேலைக்குப் போனாய் என்று நீ திட்டுவாய். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன் அக்கா. அது எந்தப் பிரஷருக்கும் நல்லதில்லை. டாக்டரம்மாவும் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, கொஞ்ச நாள் போகலாம் என்றுதான் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் எது என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் டேபிள்தான். உனக்கு அப்புறம் அதில் நான்தான் உட்கார்ந்தேன்.

ஆறாம் மாசம் வரைக்கும் எனக்கும் தலை சுற்றியது, பிரஷர் இறங்கியது. குழாய்கள் இளகி வழிவிடுகின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாம் மாசம் பிறந்ததும் பிரஷர் மெல்ல ஏற ஆரம்பித்தது. பிரஷருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். அதற்கு முன்னாலேயே ஒரு நாள் மத்தியானம், டேபிளில் வெளிர் மஞ்சள் டி-ஷர்ட் விரித்திருக்கிறேன், நெஞ்சுப் பக்கம் மினுக்கென்று ஒரு புள்ளி. ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுத்த பீஸிலும் புள்ளி. அதற்கும் ஒட்டினேன். மூன்றாவதை எடுத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்தில் சுனிதா இருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த பெண், தமிழ் பாதி, இந்தி பாதி பேசுவாள், அக்கா என்பதைத் தீதி என்பாள். செக்கிங்கில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பது வழக்கமில்லை. அவரவர் கண் அவரவருக்கு. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நான் கேட்டேன்.

"சுனிதா, இங்க பாரு. இதுல கறை இருக்குதா?"

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எங்கே தீதி? ஒண்ணும் இல்லே."

"இதுல?"

"இதுவும் இல்லே. சாஃப் இருக்கு." நான் ஒட்டிய ஸ்டிக்கரை அவளே உரித்தாள். உரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், "க்யா ஹுவா தீதி? என்ன ஆச்சு?" என்றாள்.

நான் எழுந்து பழனிச்சாமி அண்ணனிடம் போனேன். "அண்ணா, எனக்குத் துணியில புள்ளி தெரியுதுங்க. சுனிதாவுக்குத் தெரியலையாமா" என்றேன். அன்றைக்கும் ஷிப்மென்ட் அவசரம்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒக்காரு கண்ணு, ஒக்காரு" என்று என்னை உட்கார வைத்துவிட்டு, வேன் டிரைவரை அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள். உடனே வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. பிள்ளையை எடுத்தால்தான் நஞ்சுக்கொடி வெளியே வரும், அது வந்தால்தான் குழாய்கள் அடங்கும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் சாமியைக் கூப்பிடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டதா?

பெண் குழந்தை அக்கா. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் நீளம் இருந்தாள். ரொம்ப நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்ன உடம்புக்குப் பெரிய குரல். பால் கொஞ்சம் தாமதமானால் உன்னை மாதிரியே சத்தம் போடுகிறாள். எனக்கு இன்னும் பிரஷர் மாத்திரை ஓடுகிறது. இதோடு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாதாம். ஒரு தடவை இப்படி இறுகிய குழாய்களை ஆயுசுக்கும் கவனித்துக்கொள்ள வேண்டுமாம்.

இன்று காலை பீரோவைத் திறந்து உன் பனியனை எடுத்தேன். நீ ஒட்டிய ஸ்டிக்கரை இத்தனை வருஷம் கழித்து மெதுவாக உரித்தேன். நீ காட்டிய இடத்தில் கறை இருந்தது அக்கா. ஸ்டிக்கரின் பசை ஊறி, அம்புக்குறி வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை. ஊற வைத்துத் துவைத்தேன், போகவில்லை. அப்படியே காய வைத்து, அதைத்தான் அவளுக்குப் போட்டுவிட்டேன். உடம்புக்குத் தொளதொளவென்று இருக்கிறது. நீ மட்டும் பார்த்தது இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நீ பார்த்திருந்தால் இந்தப் பீஸை நிச்சயம் தள்ளியிருப்பாய். நான் பாஸ் பண்ணிவிட்டேன்.

இதை எல்லோரும் படிக்க எழுதிய காரணத்தை இப்போது சொல்கிறேன். உனக்கு வந்த எச்சரிக்கை இன்னொருத்திக்கு வந்தால், படித்தவர்கள் யாராவது அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இவளுக்குப் பல் முளைத்த பிறகு மறுபடியும் வேலைக்குப் போவேன், உன் டேபிளுக்குத்தான். மாசமான பெண் யார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாலும், அவள் ஒட்டுகிற ஸ்டிக்கரை நானும் ஒரு தடவை பார்ப்பேன். அவளுக்குத் தெரிகிற கறை எனக்குத் தெரியவில்லையென்றால், ஷிப்மென்ட்டாவது மண்ணாவது, கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன். உன்மேல் சத்தியம் அக்கா. உன் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே? ஒண்ணும் இல்லே" என்று சொல்ல அன்று ஒருத்தி இல்லாமல் போனாள். இனி அந்த டேபிளில் நான் இருப்பேன்.

பெரியம்மா என்று உன்னைக் கூப்பிடப் போகிறவள் மடியில் தூங்க,
உன் சொல் பேச்சுக் கேட்காத தங்கை,
உன் அம்மிணி.